சூரியன் மங்கியதை எழுதிவைத்தவர்கள்

நஞ்சப்பன் என் மணிக்கட்டை உடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கஞ்சிக் கிண்ணத்தை முகத்துக்கு வீசினார், குனிந்துகொண்டேன். ஊன்றுகோலை ஓங்கினார்; கையால் தடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்குள் அவர் ஜன்னல் கண்ணாடியை நொறுக்கத் தொடங்கியிருந்தார்.

டப்ளினில் மகள் யாமினி வீட்டில் இருக்கிறார்; அவரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் நான். எழுபத்தொன்பது வயது, கோபிச்செட்டிபாளையத்துக்காரர். இங்கே ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டு நிலவியல் கற்பித்தவர். நாற்பது வயதுக்கு மேல் லத்தீன் படித்தார், எரிமலைகளுக்காக. சீசர் கொலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் வெயில் மங்கியது, பயிர் விளையவில்லை, படைவீரர்கள் மரப்பட்டை தின்றார்கள் என்று ரோமர்கள் எழுதியிருக்கிறார்கள். காரணம் அலாஸ்காவில் வெடித்த எரிமலை என்பது அவர்களுக்குத் தெரியாது. அதன் சாம்பல் கிரீன்லாந்துப் பனிக்குள் கிடைத்திருக்கிறது.

"காரணம் தெரியாதவன் எழுதுனதுதானுங்க அம்மிணி நல்ல சாட்சி," என்பார். "அவன் கண்டதை எழுதிப்போட்டுப் போயிருவான்."

இது மூன்றாவது முறை. முதல் முறை எனக்கு முன்பிருந்த உதவியாளரைக் கடித்துக் கன்னத்தில் சதையைப் பெயர்த்தார். இரண்டாம் முறை யாமினியின் கழுத்தை நெரித்தார். விரல் விரலாகப் பிரித்தெடுத்தேன்.

"போதும் ஆன்ட்டி," என்றாள் யாமினி. "டிமென்ஷியா முத்திடுச்சு. மெமரி கேர்ல இடம் கன்ஃபர்ம் பண்ணிட்டேன். மண்டே கொண்டுபோய் விடணும்."

மறதி நோயாளிகளுக்கான இல்லம் அது; அங்கே பூட்டிய கதவு. ரோமர்களைப் பற்றி அவர் எழுதிவைத்த காகிதங்களைக் கொண்டுபோக முடியாது.

கையில் கட்டுடன் உட்கார்ந்து தினக்குறிப்பு நோட்டைப் புரட்டினேன். என்ன குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார், எல்லாம் எழுத வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. பழைய உதவியாளரின் கையெழுத்தில்: தண்ணீர் மறுத்தார், சிறுநீர் கலங்கல். இரண்டு நாள் கழித்துக் கடி. பிப்ரவரியில் என் கையெழுத்தில் அதே வரி. இரண்டு நாள் கழித்துக் கழுத்து. போன ஞாயிறும் அதே வரி. எழுதியது நான்தான், படித்துப் பார்க்கவில்லை.

"டாக்டர்கிட்ட யூரின் டெஸ்ட் பண்ணச் சொல்லு," என்றேன் யாமினியிடம்.

"கை உடைஞ்சும் அவருக்கு சப்போர்ட்டா ஆன்ட்டி?"

"சப்போர்ட் இல்லம்மா. மூணு தடவையும் முன்னாடி ஒண்ணே நடந்திருக்கு. தேதியைப் பாரு."

பார்த்தாள். மாதிரி எடுக்கும்போது என் விலாவில் உதைத்தார். முடிவு வந்தது: சிறுநீர்த் தொற்று. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் அது மூளையைக் கலக்கிவிடும். பயிற்சியில் படித்ததுதான்.

மறதி போகாது. ஆனால் மாத்திரை தொடங்கிய நாலாம் நாள், ஞாயிறு காலை, தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தார். பக்கத்து அறையில் யாமினி போனில் அந்த இல்லத்தாரிடம், அப்பா திங்கட்கிழமை வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கையில என்னங்க அம்மிணி?"

"நீங்க அடிச்சது."

கட்டின் மேல் விரல் வைத்தார்.

"எழுதி வெச்சீங்களா?"

"தேதியோட."

"அழிச்சுப்போடாதீங்க."