மாடிப்படியில் மூன்றாவது பங்கு

அறைக் கதவைத் தாண்டிக் காலை வைத்தால் எல்லாமே பொது. மாடிப்படி, நடுமுற்றம், கீழே குழாயடி, பின்கட்டில் ஒரு கக்கூஸ். பினாங்கில் அப்போது கடைவீடுகளை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். அறை வாடகை தனி. பொது இடத்துக்கான காசு தனி, அதைத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். எங்கள் வீட்டை மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விட்டிருந்தவர், கீழே குடியிருந்த ஒரு முஸ்லிம் அக்கா. கணவரை இழந்தவர். வாய் நீளம், கை சுத்தம்.

ஜப்பான்காரன் ஆட்சியில் அவன் அடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டு மதிப்பிழந்து வெறும் காகிதம் மாதிரி ஆனதும் அக்கா ஒரே போடாகப் போட்டார்.

"இத வெச்சு அடுப்புதான் எரிக்கணும். இனிமே காசு வேணாம்லா. தலைக்கு ஒரு பங்கு வேலை, என்னையும் சேத்து. வாரத்துல ஒரு நாள் படியையும் குழாயடியையும் தேச்சுக் கழுவி விடுங்க, போதும்."

எங்கள் அறையில் ஊரறிய இரண்டு தலை, நானும் என் மாமியாரும். ஊரறியாத மூன்றாவது தலை பரண்மேல் படுத்திருந்தது. என் கணவர். ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அவர் தாசேக் கெலுகோர் பக்கம் மரவள்ளி நடப் போயிருக்கிறார் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தோம். பரணில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. இருமல் வந்தால் அவர் தலையணையைக் கடித்துக்கொள்வார், கீழே நான் பாத்திரத்தை உருட்டுவேன். எங்கள் மாடியிலேயே முன்னறையில் ஜப்பான்காரனுக்கு மொழிபெயர்க்கும் ஒருவர் குடியிருந்தார். அவர் செருப்போ பூட்ஸோ படியேறும் சத்தம் கேட்டால் நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடமாட்டோம்.

இந்த லட்சணத்தில் என் மாமியாருக்கு நியாயம் பொத்துக்கொண்டு வந்தது.

"மூணு பேரு தண்ணி ஊத்திக்கிறோம், மூணு பேரு கக்கூச நிரப்புறோம். செய்யிறது ரெண்டு பங்கு வேலை. அடுத்தவங்க முதுகு வலியில என் புள்ள குளிக்கணுமா?"

"அத்தே, உங்க புள்ள உசுரோட இருக்கணுமா, நியாயம் நேரா இருக்கணுமா?" என்று கேட்டேன்.

காதில் போட்டுக்கொண்டால்தானே! நான் பாசாருக்குக் கிழங்கு வாங்கப் போகிற நேரம் பார்த்து, வாளியும் தேங்காய்மட்டையுமாகப் படியில் உட்கார்ந்துவிடுவார். மூன்றாவது பங்கு. அப்படிச் செய்கிறார் என்பதே எனக்குத் தெரியாது.

ஒருநாள் திரும்பி வந்தபோதுதான் கண்டேன். அத்தை நடுப்படியில் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே முன்னறைக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"என்னம்மா, உங்க ரெண்டு பங்கும் முடிஞ்சிருச்சே. போன வாரமும் இப்படித்தான். யாருக்காக இது?"

அத்தைக்குப் பொய் வராது.

"எனக்காகத்தான்!" குழாயடியிலிருந்து அக்கா கத்தினார். "முட்டி வலி, குனிய முடியல. என் பங்க அவங்க செய்றாங்க. உங்களுக்கு என்னலா?"

அக்கா எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரணில் ஆள் இருப்பது அவருக்கு எப்போது தெரிந்ததோ, நான் கடைசிவரை கேட்கவில்லை.

முன்னறைக்காரர் சிரித்தார். "அப்படியா? அப்ப என் பங்கையும் சேத்துச் செஞ்சிருங்கம்மா. எனக்கு ஏது நேரம்?"

"சரி தம்பி" என்றார் அத்தை. வேறு என்ன சொல்ல முடியும்?

பாவி, அதற்குப் பிறகு அத்தை கழுவக் கழுவ, ஈரம் காயுமுன் சேற்றுப் பூட்ஸோடு ஏறுவார். "இங்க விட்டுட்டீங்களே" என்று காலால் காட்டுவார். அத்தை மறுபடி தேய்ப்பார். பரணில் கிடந்தவருக்கு அத்தனையும் கேட்டது.

ஒரு மத்தியானம், முன்னறை பூட்டியிருந்த நேரம், என் கணவர் பரணிலிருந்து இறங்கி வந்து சட்டையை மாட்டினார்.

"நான் போறேன். அவன் பூட்ஸ் சேத்த எங்கம்மா கழுவுறத கேட்டுக்கிட்டு என்னால படுத்திருக்க முடியாது. பிடிச்சிட்டுப் போகட்டும்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை அழவில்லை. ஈரக் கையோடு கதவை விட்டு விலகி நின்றார்.

"போடா. ஆனா நீ இறங்கிப் போன படிய நாளைக்கு நான்தான் கழுவணும். உன் காலடிய நானே எப்படிடா தேச்சு அழிப்பேன்?"

அவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் பரணில் ஏறிக்கொண்டார்.