அண்ணன் மண்ணுக்குச் சொன்ன நன்றி

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர் பலருக்கும் அண்ணனைப் பற்றி ஒரு செய்தி தெரியும்: அவர் மண்ணைக் கும்பிடுகிறவர். சபையிலும், கல்யாண வீடுகளிலும், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அவர் எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைந்துவிட்டது. அது என்ன கும்பிடு என்பதை உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்று அப்பா விரும்பினார். "நீயே எழுதும்மா. நான் சொல்ல ஆரம்பிச்சா வாய் வராது" என்றார். அதனால் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான ஒரு லைன் வீட்டில் பிறந்தார். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பத்தில் நான்காம் தலைமுறை. எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாருமே உள்ளே இறங்கியவர்கள். அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே நல்ல குரல். சபைப் பாடகர் குழுவில் அவர் நின்றால் அம்மா புத்தகத்தைப் பார்க்க மாட்டார்கள், அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடைந்த ரேடியோ, நின்றுபோன மின்விசிறி எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "இவனாவது மேல வேலை பாக்கட்டும்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார்.

அண்ணன் ஒன்பதாவது படிக்கும்போது அந்த ஏர் பிளாஸ்ட் நடந்தது. பூமிக்கடியில் பாறை பாரம் தாங்காமல் வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சின்ன அதிர்வுகள் எங்களுக்குப் பழக்கம். பலகையில் பாத்திரம் ஆடும். அம்மா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழம்பைக் கிளறுவார்கள். அன்று பாத்திரமெல்லாம் தரையில் விழுந்தது. சுவரில் விரிசல் ஓடியது. அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார்.

லைன் முழுவதும் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டுக்கு ஓடியது. அண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவர், யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மத்தியானம் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வந்தபோது அதில் அப்பா இருந்தார். முகமெல்லாம் கல்தூசி படிந்து வெள்ளையாக இருந்தது. அம்மாவே ஒரு கணம் தயங்கித்தான் அடையாளம் கண்டார்கள். அப்பா அங்கேயே முழங்காலிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எல்லாரும் அழுதோம். அந்த நேரத்தில் அண்ணன் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்திருந்ததை நான் பார்த்தேன். கால் இடறிவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் வளர்ந்த பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: "இன்னும் உள்ள நடுங்கிக்கினே இருந்துச்சு, மிரண்ட மாடு மாதிரி. குடைஞ்சு குடைஞ்சு நம்பதான் அதுக்கு நோவு குடுத்தோம். அப்பவும் அப்பாவை விட்டுச்சே!"

அப்பாவோடு அதே இடத்தில் வேலை செய்த மாமா உயிரோடு வரவில்லை. அடுத்த லைனில் குடியிருந்தவர். உறவில்லை என்றாலும் அப்பா அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் மாமா என்போம். அவர் மனைவியான அத்தைக்குக் கல்யாணமாகி அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வருடந்தோறும் அந்த நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பா சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்வார். காணிக்கை வைப்பார். இருட்டு, புழுதி, தண்ணீர் சொட்டும் சத்தம், ஜெபம், மீட்பு எல்லாம் அதில் வரும். மாமா மட்டும் வரமாட்டார். அத்தை வீடு இருக்கும் லைன் வழியாக அப்பா நடந்தும் நான் பார்த்ததில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அண்ணன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்துச் சுரங்கத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தார். சில வருடங்களில் சுரங்கமே மூடப்பட்டது. ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிற ஆளானார். ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்பு வேலை. கடைசிவரை அதே வேலைதான். அண்ணியைக் கைப்பிடித்ததும், மகள் பிறந்ததும் அந்த ஓட்டத்துக்கு நடுவில்தான்.

ஊர் பேசிய அந்த வழிபாட்டுக்கு வருகிறேன். காலையில் ஷூ போடுவதற்கு முன்னால் வாசலில் வெறுங்காலோடு கொஞ்ச நேரம் நிற்பார். குனிந்து தரையைத் தொட்டு நெஞ்சில் கை வைப்பார். காய்கறித் தோல், வாடிய பூ எதையும் குப்பையில் போட விடமாட்டார். சனிக்கிழமை மாலையில் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து, மேலே கை வைத்து, "எடுத்துக்கோ" என்பார். கோடை முடிந்து முதல் மழை விழும் நாளில் ஈர மண்ணை விரலால் தொட்டு அண்ணிக்கும் மகளுக்கும் நெற்றியில் வைப்பார். வருடத்திலேயே பகல் குறைந்த நாளில் தரையில் ஒரே ஒரு விளக்கு ஏற்றி, அது தானாக அணையும்வரை பக்கத்தில் இருப்பார். சைனைடு மேட்டின் ஓரத்தில் புங்கன் கன்றுகளை நட்டார். சைனைடால் தங்கம் பிரித்த ஆலையின் கழிவுப் புழுதி மலையாய்க் குவிந்த இடம் அது. புல் முளைப்பதே கஷ்டம். பெரும்பாலான கன்றுகள் பட்டுப்போயின. மறுபடி நட்டார். அப்பா உயிரோடு வந்த நாளில் மட்டும் வேலைக்கு விடுப்பு எடுப்பார். சாப்பிடாமல் பழைய ஷாப்ட் பக்கம் போய்விட்டு மாலையில் வருவார். அங்கே என்ன செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது.

"இதுக்கு ஏதாவது பேர் இருக்காண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பேர் வெச்சா சண்டை வரும்" என்று சிரித்தார்.

பேர் வைக்காமலே சண்டை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் மழை. ஓய்வு நாள் பள்ளிக்குக் கிளம்பிய அண்ணன் மகள் நெற்றியில் மண் பொட்டோடு தாத்தாவிடம் ஓடி வந்தாள். அப்பா சபையில் மூப்பர். கைக்குட்டையை எடுத்துக் குழந்தை நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

"இன்னாடா இது, கொழந்த நெத்தில?"

"ஒண்ணுமில்லப்பா. மொத மழை."

"நாலு தலைமுறையா ஞானஸ்நானம் வாங்கின குடும்பம்டா. மண்ணைக் கும்புடுறியா நீ?"

"கும்புடலப்பா. நன்றி சொல்றேன். உங்களத் திருப்பிக் குடுத்துச்சே."

"திருப்பிக் குடுத்தது கர்த்தர்!"

"சரிப்பா, கர்த்தர் குடுத்தாரு. இது விட்டுச்சு. ரெண்டு பேருக்கும் சொன்னா இன்னா தப்பு?"

அப்பா கையை ஓங்கிவிட்டார். அம்மா நடுவில் வந்து நின்றார்கள். "இனிமே என் வாசப்படி ஏறாதே" என்றார் அப்பா. அண்ணன் அந்த மாதமே இரண்டு லைன் தள்ளி வீடு பார்த்துக்கொண்டு போனார். பாடகர் குழுவிலிருந்தும் அவரை நிறுத்தினார்கள். அவர் சபைக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாய் திறந்து பாடாமல், ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுவார்.

வருடங்கள் ஓடின. கிறிஸ்துமஸுக்கு அண்ணி பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். அப்பா அதைச் சாப்பிடுவார், "யார் செஞ்சது?" என்று கேட்க மாட்டார். அம்மா படுக்கையில் விழுந்தபோது, "நீங்க ரெண்டு பேரும் பேசறத நான் பாத்துட்டுப் போறேனே" என்று கெஞ்சினார்கள். நடக்கவில்லை. அம்மாவின் சவப்பெட்டியை அப்பா ஒரு பக்கமும் அண்ணன் மறு பக்கமும் தூக்கினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

பிறகு அண்ணனின் சிறுநீரகம் பழுதடைந்தது. கோலார் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். தினமும் அவரோடு ரயிலில் போய்வந்த நண்பர்கள் முறை வைத்து ரத்தம் கொடுத்தார்கள். அப்பா என்னிடம் மட்டும் விசாரிப்பார்: "சாப்புடுறானா?" நேரில் போய்ப் பார்க்க அவருக்கு ஆசை இருந்தது, கால் எழவில்லை. சென்ற ஆண்டு கிருமித் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அப்பா உயிரோடு வந்த அந்த நாள் நெருங்கியிருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வருஷம் ஷாப்ட்டாண்ட என்னால போவ முடியாது. அப்பா போவாரான்னு கேட்டுப் பாரேன்."

"அப்பாவையா?"

"கோச்சிக்கினா விட்டுடு."

அப்பாவிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த நாள் காலையில் பார்க்கிறேன், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "வா, போலாம். அவன் எங்க உக்காருவான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்கும் தெரியாது. ஷாப்டுக்கு மேலே நிற்கும் துருப்பிடித்த இரும்புக் கோபுரத்தைக் குறிவைத்து உண்ணிப் புதருக்குள் நடந்தோம். வேலிக்குப் பக்கத்தில் யாரோ குடத்தோடு நின்றிருந்தார்கள். கிட்டே போனதும் அப்பா நின்றுவிட்டார். அது அத்தை.

"வாங்கண்ணே" என்றார்கள், நேற்றுதான் பார்த்தவர்களைப் போல. "தம்பி வரலியா?"

அண்ணன் இருக்கும் நிலையைச் சொன்னேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா கேட்டார்: "நீ வருஷா வருஷம் வருவியா தங்கச்சி?"

"தம்பிதான் வூட்டுக்கு வந்து இட்டுகினு வந்தான். எங்க வூட்டுப் பக்கம் அப்பல்லாம் யாரு வந்தாங்க? 'மாமா கடைசியா இருந்த எடம் அத்தை, நம்பளாவது போய் நிப்போம்'னான். உங்களுக்குன்னு ஒரு வாட்டி ஊத்துவான், அவருக்குன்னு ஒரு வாட்டி ஊத்துவான். ஒரு வருஷமாவது நீங்க வருவீங்கன்னு பாப்பேன். எம்மேல இன்னா கோவமோன்னு நெனச்சிக்குவேன்."

"கோவம் இல்லம்மா. நான் வந்துட்டேன், அவன் வரல. உன் மூஞ்சில எப்டி முழிக்கறது?"

"அதுக்கு நீங்க இன்னாண்ணே பண்ணுவீங்க" என்று அத்தை குடத்தை நீட்டினார்கள். "ஊத்துங்க."

அப்பா செருப்பைக் கழற்றினார். தண்ணீரை ஊற்றினார். மண் அதை உடனே உறிஞ்சிக்கொண்டது. பாதியில் நிறுத்தி, மாமாவின் பெயரைச் சொல்லி மறுபடி ஊற்றினார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். அத்தை ஒரு கைப்பிடி கேழ்வரகைத் தூவினார்கள். மூவரும் தரையில் உட்கார்ந்தோம். இன்னும் ஏதோ இருக்கிறது என்று அப்பா காத்திருந்தார். பிறகு கேட்டார்: "இவ்ளோதானா தங்கச்சி?"

"இவ்ளோதாண்ணே."

"இதுக்கா நான் அவன வூட்ட விட்டு அனுப்பினேன்" என்று சொல்லி, முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அங்கிருந்து நேராகப் பஸ் ஏறிக் கோலாருக்குப் போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அண்ணனுக்கு மூச்சுக்குக் குழாய் வைத்துவிட்டிருந்தார்கள். கண் மூடியிருந்தது. அப்பா அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வந்தேன்டா. தண்ணி ஊத்தினேன். உன் அத்தை வந்திருந்தா. நீ செஞ்சது சரிதான்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "பேசுங்க, காதுல விழும்" என்றார் அங்கிருந்த நர்ஸ். அண்ணன் கண் திறக்கவில்லை. இரண்டு நாளில் அவர் உயிர் பிரிந்தது. அவர் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

கல்லறை கட்டவில்லையே என்று உறவினர் சிலர் வருத்தப்பட்டீர்கள். சிமெண்டு வேண்டாம், புல் முளைக்கட்டும் என்று அண்ணன் அண்ணியிடம் சொல்லியிருந்தார். அப்பாவும் அதுவே இருக்கட்டும் என்றார். இந்த ஆண்டு சாட்சி சொல்ல எழுந்தபோது அப்பா மாமாவின் பெயரையும் அண்ணனின் பெயரையும் சபையில் சொன்னார். அதோடு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் உட்காரும் கடைசி பெஞ்ச் அன்று காலியாக இருந்தது.

அண்ணனுக்கு ரத்தமும் நேரமும் கொடுத்த ரயில் நண்பர்களுக்கும், இரக்கத்தோடு பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், எந்தக் கேள்வியும் கேட்காமல் அடக்க ஆராதனையை நடத்திய போதகர் ஐயாவுக்கும், சைனைடு மேட்டில் தப்பிய புங்கன் கன்றுகளுக்கு இன்றும் தண்ணீர் விடுகிற லைன் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. அத்தைக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் அகப்படவில்லை.

இதை எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். "அந்த எடத்துல, அவன் கேட்டான்னு எழுதேம்மா" என்றார். பேனாவை எடுத்தேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாததை அண்ணன் பேரில் எழுத மனம் வரவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, வுடு" என்றார்.