ஓட்டத்துக்கு ஸ்பேர் போட்ட மாமா

என் மாமா பஸ் டிப்போவில் டூட்டி போடுகிறவர். எந்த டிரைவர், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று பெரிய தாளில் கட்டம் கட்டமாக எழுதுவதுதான் வேலை. அதனால் டிப்போவில் அவருக்குக் 'கட்டம்' என்று பெயர். நேரில் மட்டும் 'சார்' சேர்த்துக்கொள்வார்கள்.

அந்த வேலைக்கு ஒரே சட்டம்தான். ஆள் வராவிட்டால் பரவாயில்லை, டிரிப் நிற்கக் கூடாது. டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் மாற்று ஆளை எழுதுவார். இதற்கு ஸ்பேர் போடுவது என்று பெயர். வண்டி கிளம்பிவிட்டால் மாமாவுக்கு உலகமே சரியாகிவிடும்.

போன மாதம் அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "ஒரு மாசம் டைம் தரேன். தினமும் ஓடுங்க. சுகர் இறங்கலைன்னா அப்புறம் தினமும் ஊசிதான்," என்று சொல்லிவிட்டார். மாமா நாற்பது டிரைவர்களை அதட்டி வேலை வாங்குகிறவர். ஊசி என்றால் மட்டும் அவருக்கு முகம் வெளுத்துவிடும்.

உடனே வீட்டுச் சுவரிலும் ஒரு கட்டம் முளைத்தது. புறப்பாடு 5.10, தண்ணீர்த் தொட்டி 5.25, வீடு 5.40. ஓடிய தூரத்தைக் கணக்கு வைக்கிற வாட்ச் ஒன்றும் வாங்கினார். மூன்று வாரம் ஓடினார். ஓட்டம் என்று சொன்னது அவர்தான். பேப்பர்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டே அவரோடு பேசியபடி வருவார். இருந்தாலும் வேர்த்தது, சுகரும் கொஞ்சம் இறங்கியது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

நாலாவது வாரம் டிப்போவில் காய்ச்சல் பரவிப் பதினோரு டிரைவர்கள் படுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை விடியும் முன்பே மாமா கட்டிலில் உட்கார்ந்து போனில் கத்திக்கொண்டிருந்தார். மணி 5.08 ஆனதும் வாட்சைக் கழற்றி அத்தையிடம் நீட்டினார்.

"இந்தா, கட்டிக்கோ. தண்ணித் தொட்டி வரைக்கும் ஓடிட்டு வந்துடு."

"நானா? சுகர் உங்களுக்குத்தானே?"

"டிரிப் கட் ஆகக் கூடாது. இன்னைக்கு நீ ஸ்பேர்."

"ஏங்க, நான் ஓடினா உங்க உடம்பு எப்படி இளைக்கும்?"

"பேசிட்டே நிக்காத, வண்டி லேட்டாகுது!"

அத்தை சிரித்துக்கொண்டே போனாள். மாமா சுவர்க் கட்டத்தில் தன் பெயரை அடித்து, 'மனைவி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். வேடிக்கைக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். அவரோ செவ்வாய்க்கும் எழுதினார், புதனுக்கும் எழுதினார். வியாழக்கிழமை சொல்லாமலே அத்தை கிளம்பிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க மாமா டிப்போவில் ஒரு நாளைக்கு ஏழு டீ குடித்தார். எல்லாவற்றிலும் சர்க்கரை தூக்கல், கூடவே பிஸ்கட். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வாட்சை வாங்கிப் பார்ப்பார்.

"பாத்தியா, நேத்தைவிட ரெண்டு நிமிஷம் முன்னாடியே முடிச்சாச்சு!"

"யாரு முடிச்சா?" என்பாள் அத்தை.

"யாரு முடிச்சா என்ன, முடிஞ்சுதா இல்லையா?"

ஞாயிறு காலை டாக்டர் ரிசல்ட்டைப் புரட்டினார். சுகர் போன மாதத்தைவிட ஏறியிருந்தது. மாமா நம்பவே இல்லை. வாட்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு நாள் விடலை சார். நீங்களே பாருங்க."

"தினமும் ஓடியுமா ஏறியிருக்கு?"

"கடைசி ஆறு நாள் நான்தான் ஓடினேன், டாக்டர்," என்றாள் அத்தை.

டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்போ வாட்சை அவங்களே வெச்சுக்கட்டும். உங்களுக்கு ஊசி எழுதறேன்."

தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் தைரியம் மாமாவுக்கு இல்லை. அத்தைதான் போட வேண்டும். போட்ட பிறகுதான் சாப்பாடு. மறுநாள் 5.40க்கே சட்டையை வயிற்றுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அத்தை ஆறு மணிக்குத்தான் மூச்சு வாங்க வந்தாள்.

"எங்க போய்ட்ட இவ்வளவு நேரம்? பசிக்குது."

"பாலம் வரைக்கும் போனேன். காத்து நல்லா இருந்துச்சு."

"நாளைக்காவது சீக்கிரம் வந்து சேரு."

"நாளைக்கு நீங்களும் வாங்களேன்," என்று சொல்லிவிட்டு அத்தை கை கழுவப் போனாள்.

போன் அடித்தது. மாமா சுருட்டிய சட்டையோடு அதை எடுத்து, யாருக்கோ ஸ்பேர் போடத் தொடங்கினார்.