எதிர்க்கடைக்குப் போன கைபேசி

அந்தத் தெருவில் அவருக்கு ‘நாளைக்காரர்’ என்று பெயர். தேதி தள்ளுகிற பேர்வழி என்று நினைத்துவிடக் கூடாது. சொன்ன நேரத்துக்கு முன்பே வேலையை முடித்து வைத்துவிட்டு, வாங்க வருகிறவர் தாமதித்தால் முகம் சுளிக்கிற ஆள். பெயர் வந்த கதை வேறு. புது அப்டேட் போட்டதும் போன் ஆமையாகிவிட்டது என்று யார் ஓடி வந்தாலும் அவர் போனைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்: “சார்ஜ்ல போட்டு அப்படியே விட்டுடுங்க. நாளைக்கும் இப்படியே இருந்தா கொண்டு வாங்க.”

புது வீட்டுக்குக் குடிபோனவர்கள் எந்த அலமாரியில் எதை வைத்தோம் என்று இரண்டொரு நாள் தடுமாறுவதில்லையா, போனும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. உள்ளே இருக்கிற படங்களையும் செயலிகளையும் அது மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அதைப் போட்டு நோண்டினால் குடிபோனவர் தலையில் இன்னொரு பெட்டியை ஏற்றுவது மாதிரி. அவர் சொன்னது பெரும்பாலும் பலித்துவிடும். அதுதான் தொழிலில் அவருக்கு இருந்த பெரிய குறை. மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

மீறி வந்தவர்களுக்கு இரண்டாவது வைத்தியம் வைத்திருந்தார். போனை அவர்களிடமே திருப்பிக் கொடுப்பார். “நீங்க பாட்டுக்கு யூஸ் பண்ணுங்க. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க.” பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கோளாறில் பாதி போனில் இருக்கும், மீதி கட்டைவிரலில் இருக்கும் என்பது அவர் அனுபவம். டார்ச் விளக்கை எரிய விட்டபடியே பையில் போட்டுக்கொண்டு, சூடாகிறது சூடாகிறது என்று புலம்பியவரை இப்படித்தான் பிடித்தார். அவர் நன்றி சொல்லாமல் போனார். அது வேறு விஷயம்.

இவ்வளவு நிதானமான மனிதருக்கு வாய்த்த மனைவி, தள்ளிப்போடுவது என்றால் என்னவென்றே அறியாதவள். நகரத்தின் மறுகோடியில் ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தில் துப்புரவுக் குழுவுக்கு அவள் சூப்பர்வைசர். காலையில் அலுவலகக்காரர்கள் வருவதற்குள் எல்லா மாடிகளும் கூட்டித் துடைத்து முடிந்திருக்க வேண்டும். முடிந்ததற்குச் சாட்சியாக மாடிக்கு மாடி படம் எடுத்து, நிறுவனத்தின் செயலி வழியாக அனுப்ப வேண்டும். படம் போகாத மாடி, துடைக்காத மாடி. தரையில் முகம் பார்க்கலாம் என்றாலும் மேலிடத்துக்கு அது பொருட்டில்லை.

ஒரு நாள் போன், புது அப்டேட் வந்திருக்கிறது, இப்போது போடவா பிறகு போடவா என்று கேட்டது. அந்தப் பெண்மணியிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ‘இப்போது’ என்று அழுத்தினாள். அன்று பிடித்தது சனி.

“விரலை வச்சா உடனே வர மாட்டேங்குது. நின்னு யோசிச்சு, பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் திறக்குது. அப்படியே உங்கள மாதிரி” என்று சாயங்காலம் போனை அவர் முன்னால் வைத்தாள்.

நாளைக்காரர் பழக்கதோஷத்தில் வாய் திறந்தார். “சார்ஜ்ல போட்டு விட்டுடு. நாளைக்கு...”

“எனக்கேவா?”

கல்லூரியில் படிக்கிற மகள் சோபாவில் இருந்தபடியே, “அப்பா, வேற ஏதாவது சொல்லியிருக்கலாம்” என்றாள்.

நாளை வந்தது, மறுநாளும் வந்தது. போன் மட்டும் திருந்தவில்லை. அவர் ஒவ்வொரு சாயங்காலமும் சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய மாடிப் படங்களை எல்லாம் கணினிக்கு மாற்றி இடம் விடுவித்தார். யார் யாரோ அனுப்பிய வீடியோக்களைக் கழித்துக் கட்டினார். வேண்டாத செயலிகளை நீக்கினார். அணைத்துத் திறந்து பார்த்தார். குதிரையாக ஓடியது.

“நல்லாத்தானே இருக்கு?”

“உங்க கையில நல்லாத்தான் இருக்கும். என் கையில படுத்துக்குது.”

“அது எப்படி ஆளுக்கு ஏத்த மாதிரி மாறும்?”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற நோயாளியைப் போல, அந்தப் போன் வீட்டுக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். காலையில் அவள் கையோடு வேலைக்குப் போனதும் மறுபடி முடங்கும். எடுத்த படங்களில் பாதி மேலிடத்துக்குப் போய்ச் சேரவில்லை. “நாலாவது மாடியில யாரும் வேலை பாக்கலையா?” என்று ஒரு குரல் அவளைக் கேட்டுவிட்டது. பளிங்கு மாதிரி துடைத்து வைத்திருந்த நாலாவது மாடியைப் பற்றி.

அன்று சாப்பாட்டு மேஜையில் அவள் சத்தம் போடவில்லை. அதுதான் கவலைக்கிடம்.

“நாளைக்கு எனக்கு லீவு. எதிர்க்கடையில குடுக்கப் போறேன்.”

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எதிர்க்கடை என்றால் நாளைக்காரர் கடைக்கு நேரெதிரே, முழுக் கண்ணாடி முகப்போடு, பகலிலும் விளக்கு எரிகிற கடை. அதை நடத்துகிறவர் இளைஞர், மரியாதைக்காரர். “அண்ணே, அந்தச் சின்ன இடுக்கி கொஞ்சம் குடுங்க” என்று அவ்வப்போது தெருவைக் கடந்து வருவார். ஆள்மேல் நாளைக்காரருக்கு வருத்தமே கிடையாது. ஆனால் எந்தப் போனைக் கொடுத்தாலும், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “போர்டு வீக்காயிருக்கு” என்று சொல்கிற வழக்கம் அவருக்கு உண்டு. ஊர் முழுக்க இத்தனை போர்டுகள் எப்படி ஒரே சமயத்தில் பலவீனமாகும் என்பது நாளைக்காரருக்கு இதுவரை விளங்காத விஷயம்.

ரிப்பேர்க்காரர் பெண்டாட்டி எதிர்க்கடையில் போன் கொடுத்தாள் என்றால் தெரு சிரிக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், தன் கைவேலையை அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்று ஆகிவிடுமே! அந்த நினைப்புத்தான் அவருக்கு முள்ளாகக் குத்தியது. “கொடு, தாராளமா கொடு” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் முற்பகலில், கடையில் யாரோ தண்ணீரில் போட்டு எடுத்த போனைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் குனிந்திருந்தார். உண்மையில் குனிந்திருந்தது தலை மட்டும்தான். கண் தெருவில் இருந்தது. அவள் வந்தாள். கணவன் கடைப் பக்கம் திரும்பாமல் எதிர்க்கடைப் படியேறினாள். கண்ணாடிக்குப் பின்னால், பிரகாசமான விளக்குக்கு அடியில், ஒரு வாடிக்கையாளராக நின்றாள்.

எதிர்க்கடைக்காரர் முகம் வெளிறியது இங்கிருந்தே தெரிந்தது. யாருடைய மனைவி என்று அவருக்குத் தெரியாதா என்ன? இந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். நாளைக்காரர் சட்டென்று ஓர் ஈர ஸ்பீக்கரை ஆராயத் தொடங்கினார்.

மறுபடி நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தார்.

அவள் போனைக் கொடுப்பதற்கு முன் ஒரு கணம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மேலிருந்து கீழே ஓர் இழுப்பு, அங்கே ஓர் அழுத்தல். பிறகு கட்டைவிரலால் கீழிருந்து மேலே ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு, இன்னொன்று. மேஜைமேல் கிடக்கிற குப்பையைத் துணியால் ஒதுக்குகிற அதே வீச்சு. வெளியாள் பார்க்கப் போகிறாரே, போன் அலங்கோலமாக இருக்கக் கூடாது என்று பெருக்கித் துடைத்துத்தான் கொடுத்தாள். கணவனிடம் கொடுக்கும்போது இந்த மரியாதை எல்லாம் கிடையாது, தூக்கிப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவாள்.

நாளைக்காரர் கையிலிருந்த ஸ்பீக்கரை வைத்தார். ஊரில் உள்ள அத்தனை பேர் விரலையும் பார்த்தவர், கூட இருக்கிறவள் விரலைப் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை. எல்லாம் தெரிந்த வீட்டு விஷயந்தானே என்று மேஜையில் உட்கார்ந்து, நல்ல போனுக்குப் பல நாள் வைத்தியம் பார்த்திருக்கிறார்.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுத் தெருவைக் கடந்தார். உள்ளே எதிர்க்கடைக்காரர் தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அது வந்து... போர்டு கொஞ்சம்... அண்ணன் என்ன சொன்னாருன்னு...”

“அவர் சொன்னதை விடு. நீ என்ன சொல்ற?”

“அண்ணனே வந்துட்டாரு!” என்றார் அவர், அடைமழையில் குடை கிடைத்தவர் போல.

அவள் திரும்பினாள். “வேவு பாக்க வந்தீங்களா?”

“கஸ்டமர் என்ன பண்றாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணு கேக்கணும். மேலேருந்து இழுத்து ஒண்ணை அமுக்குனியே, அது எதுக்கு?”

“பேட்டரி மிச்சம் புடிக்க. அப்டேட் போட்ட அன்னிக்கு மத்தியானமே சார்ஜ் இறங்கிடுச்சு. அன்னிலேருந்து காலைல கிளம்பும்போதே அதைப் போட்டுக்குவேன்.”

“வீட்டுல நான் பாத்தப்ப அது இல்லையே?”

“சார்ஜர்ல மாட்டுனா அதுவா அணைஞ்சுடுது. நான் என்ன பண்ண?”

எதிர்க்கடைக்காரர் ‘அட’ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

“சரி. அப்புறம் எல்லாத்தையும் மேல தள்ளுனியே?”

“வேலை முடிஞ்சா எடுத்து வைக்க வேண்டாமா? ஒரு படம் எடுப்பேன், அனுப்புன்னு அமுக்குவேன், துடைச்சு விட்டுடுவேன். அடுத்த படம் எடுப்பேன், துடைச்சு விட்டுடுவேன். அப்பத்தானே போன் சுத்தமா இருக்கும்?”

நாளைக்காரர் இங்கேதான் வெகு ஜாக்கிரதையாக இருந்தார். சுத்தம் செய்யாதே என்று அவளிடம் சொல்வது, மீனிடம் போய் நீந்தாதே என்று சொல்வதற்குச் சமம்.

“நீ ஒரு பொண்ணை நாலாவது மாடிக்கு மாப் போட அனுப்புற. அவ பாதி போட்டுக்கிட்டிருக்கா. நீ பின்னாலயே போய் லைட்டை அணைச்சு, வாளியைப் புடுங்கி, அவளை வீட்டுக்கு அனுப்பிட்டா?”

“யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?”

“படம் அனுப்புன்னு அமுக்குனதும் அது போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். நீ அதுக்குள்ள தள்ளி விட்டுடுற. அது பாதி வழியில நின்னுடுது. அடுத்த படத்துக்கு மறுபடி முதல்லேருந்து எழுந்து வரணும். அதுவும், மிச்சம் புடின்னு நீ சொல்லிட்டதால அரை வயித்துச் சாப்பாட்டோட.”

அவள் போனை வாங்கி அந்தச் சிக்கனப் பொத்தானை அணைத்தாள். நிறுவனத்தின் செயலியைத் திறந்து எதிர்க்கடைத் தரையை ஒரு படம் எடுத்தாள். தள்ளத் துடித்த கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டாள். படம் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் போனது. மேலிடத்தில் யாரோ, இது எந்த மாடி என்று குழம்பியிருப்பார்கள்.

“அப்டேட் மேல தப்பே இல்லையா அப்ப?” என்றாள் கடைசியாக.

“முதல் ரெண்டு நாள் தப்பு அதோடதுதான்” என்றார் நாளைக்காரர். நோய் அதோடு போய்விட்டது, உன் வைத்தியம்தான் போகாமல் தங்கிவிட்டது என்ற மீதியை விழுங்கிவிட்டார். நிதானம் என்பது சில சமயம் அதுதான்.

அவள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “தரையை இன்னும் கொஞ்சம் நல்லாத் துடைக்கலாம், தம்பி” என்று எதிர்க்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டிலும் அந்தப் பேச்சு இல்லை. மகள் மட்டும், “என்னாச்சு, யாராவது சொல்லுங்களேன்” என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள்.

மறுநாள் வேலை முடிகிற நேரத்துக்குப் பிறகு, அவர் கடைவாசலில் ஒரு கூட்டம் வந்து நின்றது. சீருடையைக்கூட மாற்றாத பெண்கள், ஆளுக்கொரு போனோடு. முன்னால் சூப்பர்வைசர் நின்றாள்.

“என்ன இது?”

“நான் எனக்கு மட்டும் வச்சுக்குவேனா? எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருந்தேன்” என்றாள் அவள், கடைக்குள் தொங்கிய ஒட்டடையைப் பார்த்துக்கொண்டே.

முன்வரிசைப் பெண் ஒருத்தி போனை நீட்டினாள். “அண்ணே, இதுக்கு என்ன கோளாறு? ரொம்ப நாளா இழுத்துக்கிட்டிருக்கு.”

நாளைக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஒரு குழுவை அதட்டி வேலை வாங்குகிறவளை, அந்தக் குழுவுக்கு முன்னாலேயே எப்படிக் காட்டிக்கொடுப்பது? “அப்டேட்தாம்மா. இப்ப எல்லா போன்லயும் வந்திருக்கு” என்றார்.

“அவர் சும்மா சொல்றாரு” என்றாள் அவள். “நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். நாலாவது மாடிக்குக் கேள்வி வந்ததும் என்னாலதான். அந்தத் தள்ளுற வேலையை இனிமே யாரும் பண்ணாதீங்க. இந்தா, இங்க பாருங்க.”

சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் போய், அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு போனாக வாங்கி அந்தப் பொத்தானை அணைத்துக் காட்டினாள். உள்ளே அவருக்கு இடமில்லை. படியோரம் ஒதுங்கி நின்றார். நேற்று அவரிடம் சொல்லாத ஒன்றை, இத்தனை பேருக்கு நடுவே, அவர் பக்கம் பார்க்காமல் சொல்லிவிட்டாள். சில பேருக்கு அதுதான் சுலபமான வழி.

சத்தம் கேட்டு எதிர்க்கடைக்காரரும் தெருவுக்கு வந்துவிட்டார். “என்னண்ணே, மாநாடு மாதிரி இருக்கு?”

நாளைக்காரர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து சூப்பர்வைசரின் குரல் வந்தது. “நல்லாக் கேட்டுக்குங்க. இனிமே போன்ல எதுன்னாலும் நேரா இங்கதான் வரணும். வேற எங்கயும் போகக் கூடாது.”

“அக்கா!” என்று அலறினார் எதிர்க்கடைக்காரர்.

“கண்ணாடி உடைஞ்சதெல்லாம் உனக்கு அனுப்பறேன், போ.”

பெண்கள் சிரித்தார்கள். நாளைக்காரர் அது எதுவும் காதில் விழாதவர் போல, குனிந்து படியோரத்தில் கீழே விழுந்த திருகு ஒன்றை மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். திருகு அவர் கையிலேயே இருந்தது.