நான்கு அங்குல நிலைப்படி

சட்டம் வீட்டுக்குச் சொல்வதெல்லாம் குறைந்தபட்சம்தான். படுக்கையறை இதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது, நடைவழி இதைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது, குளியலறைக் கதவு இதைவிட ஒடுங்கக் கூடாது. நகராண்மைக் கழகத்தின் கட்டடப் பிரிவில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் அளந்துகொண்டிருந்தது இந்தக் குறைந்தபட்சங்களைத்தான். ஓய்வு பெற்றபின் சிம்பாங் அம்பாட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மனையில் சொந்த வீடு கட்டினேன். ஒவ்வொரு அளவையும் சட்டத்தின் விளிம்பிலேயே நிறுத்தினேன். ஓர் அங்குலம் வீணாகவில்லை என்று பெருமை வேறு.

இரண்டு இடங்களில் மட்டும் சட்டம் கேட்காததைக் கொடுத்தேன். மனை தாழ்வு, பெருமழைக்குத் தோட்டத்துக் கால்வாய் நிரம்பி மனைக்குள் வரும் என்பதால் தரையை மூன்றடி உயர்த்தினேன். இது என் முடிவு. இன்னொன்று என் மனைவியுடையது. தலைவாசல் நிலைக்கு அடிக்கட்டை வேண்டும் என்றாள். இங்கே இப்போது கட்டும் வீடுகளில் நிலைக்கு மூன்று பக்கம்தான் மரம். அடியில் வெறும் தரை. அவளுக்கு அது வாசலே இல்லை, ஓட்டை. இரும்பு மாதிரி இருக்கும் உள்ளூர் மரத்தில், தரைக்கு மேல் நான்கு அங்குலம் நிற்கும்படி நிலைப்படி ஒன்றைத் தனியாகச் சொல்லிச் செய்தோம்.

நிலை வைத்த அன்று சுவர் இடுப்பளவுகூட எழும்பவில்லை. வெட்டவெளியில் ஒரு வாசல் மட்டும் நின்றது. அவள்தான் அடியில் நவமணிகளையும் பொட்டுத் தங்கத்தையும் வைத்தாள், பால் ஊற்றினாள், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். பிறகு வலது காலைத் தூக்கி அதைத் தாண்டி, அறையே இல்லாத வீட்டுக்குள் போய் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். சுற்றிலும் சிமெண்ட் மூட்டைகள்.

கூரை ஏறிய மாதத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். பேச்சு சில வாரங்களில் திரும்பிவிட்டது, பழைய கூர்மை கொஞ்சமும் குறையாமல். காலும் கையும் திரும்பவில்லை. உடற்பயிற்சி சிகிச்சை தரும் பெண் என்னைத் தனியே அழைத்து, கால் இனி உடம்பைத் தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நாங்கள் குடியிருந்தது பாச்சாங்கில் ஒரு வாடகை மாடி வீடு. படுக்கையறைகள் மாடியில், குளியலறையும் மாடியில். அவளைக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். குளிப்பாட்டுவது சமையலறைத் தொட்டியடியில், திரைச்சீலை மறைவில். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாதக் கடைசியில் வீடு வேண்டும் என்றார். நல்ல மனிதர்தான், இரண்டு முறை நாள் தள்ளிக் கொடுத்தவர். மூன்றாம் முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரே மகள் ஜொகூரில், அடுக்குமாடியில், கைக்குழந்தையோடு இருக்கிறாள். ஆக, எங்களுக்கு இருந்தது அந்தப் புது வீடு ஒன்றுதான். மாதம் முடிவதற்குள் அவளை அதற்குள் கொண்டுபோக வேண்டும்.

காலிச் சக்கர நாற்காலியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டுக்குள் உருட்டிப் பார்த்தேன். நடைவழியில் போனது. குளியலறைப் பக்கம் திரும்பவில்லை. என் குறைந்தபட்ச நடைவழி நேராகப் போகிறவர்களுக்கு மட்டும்தான். வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த கொந்திராக்டர் என்னைவிட வயதில் சிறியவர், என்னை அண்ணே என்பார், என் வேலையை நினைத்துக் கொஞ்சம் பயப்படுவார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, படுக்கையறைப் பக்கமாகவே உடைத்துக் கதவு வைத்துவிடலாம் என்றார். உடைத்தோம்.

அடுத்தது வாசல் ஏற்றம். சாய்வுப் பாதைக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. மூன்றடி ஏற முப்பத்தாறு அடி வேண்டும். வீட்டுக்கு முன்னால் இருப்பதோ இருபது. அதையும் குறைந்தபட்சம் என்று நான்தான் விட்டிருந்தேன். கார் நிறுத்தும் இடத்தை முழுதாகக் காவு கொடுத்து, பக்கச் சுவரோடு ஓட்டி, ஒரு திருப்பம் திருப்பி வாசலுக்குக் கொண்டுவந்தோம். கார் வெயிலில் நிற்கட்டும்.

மாற்றம் செய்தால் பிளானைத் திருத்தி ஒப்புதல் வாங்க வேண்டும். அது இல்லாமல் குடிபுகும் சான்றிதழ் வராது. சான்றிதழ் இல்லாமல் தண்ணீரும் மின்சாரமும் வராது. திருத்திய படத்தைக் கட்டடக் கலைஞரின் கையெழுத்தோடு எடுத்துக்கொண்டு போய், ஒரு காலத்தில் நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு எதிரே எண் வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே இருந்த இளைஞன் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றான். அதனால் எதுவும் சீக்கிரம் நடக்கவில்லை. எழுந்து நின்றான், அவ்வளவுதான். ஆனால் எந்தத் தாள் எங்கே தேங்கும் என்று எனக்குத் தெரியும். தேங்கிய இடத்துக்கெல்லாம் போய் நின்றேன். மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சான்றிதழ் வந்தது. விளக்கு எரிந்தது, குழாயில் தண்ணீர் வந்தது.

மிச்சம் இருந்தது நிலைப்படி ஒன்று. அதைப் பற்றி எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது.

"அது ஒரு வேலையா அண்ணே. மெஷின் வச்சு தரையோட தரையா அறுத்துடலாம்லா" என்றார் கொந்திராக்டர்.

பாச்சாங்குக்கு வந்து அவளிடம் சொன்னேன். கதவு மாற்றியதைச் சொன்னபோதும், கார் இடம் போனதைச் சொன்னபோதும் தலையாட்டியவள், இதற்கு ஆட்டவில்லை.

"நிலைய அறுத்தீங்கன்னா நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன்."

அறுக்க வேண்டாம், இரண்டு பக்கமும் சாய்வாகப் பலகை வைத்து நாற்காலியை ஏற்றி இறக்கலாம் என்றேன். நிலையை மிதிக்கக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வளர்த்தவள். தன் பாரத்தையும் நாற்காலி பாரத்தையும் அதன் மேல் ஏற்றுவாளா என்று கேட்டாள். பின்வாசலில் நிலைப்படி இல்லையே என்றேன். சொந்த வீட்டுக்குள் திருட்டுப் பூனை மாதிரிப் போகச் சொல்கிறேனா என்றாள். இரண்டு பேராகத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்றேன். இன்றைக்குத் தூக்க ஆள் இருக்கும், வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வரும்போது யார் தூக்குவது, உங்கள் இடுப்பா என்றாள். எல்லாக் கேள்விகளும் சரியானவை. அவளை என் அலுவலகத்தில் உட்கார வைத்திருந்தால் ஒரு விண்ணப்பமும் தேறியிருக்காது.

கோயிலுக்குப் போனேன். கடவுளிடம் இல்லை, குருக்களிடம். பூஜை செய்து வைத்த நிலையை, உடம்புக்கு முடியாத நிலைமையில் அறுக்கப் பரிகாரம் ஏதும் உண்டா என்று கேட்டேன். கண்டிப்பாக உண்டு என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அம்மா மனது எப்படியோ அப்படிச் செய்யுங்கள் என்றார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போடாமல் ஆளை அனுப்பும் குரல். நானே பழக்கத்தில் வைத்திருந்ததுதான். விபூதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. வீட்டுக்காரர் மகன் புது மெத்தையை லோரியில் கொண்டுவந்து கார் கொட்டகையில் இறக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டுப் போனான். பிளாஸ்டிக் சுற்றிய அந்த மெத்தை கண்ணாடிக் கதவு வழியே அவள் கட்டிலுக்கு நேரே தெரிந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மரக்கட்டைக்காக நடுத்தெருவில் நிற்கப்போகிறோம் என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத அறுத்துட்டா, அப்புறம் நான் காலத் தூக்க வேண்டிய அவசியமே இல்லன்னு ஆயிடும்ல" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னுச்சுன்னு எனக்குத் தெரியும். உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியும். நீங்க சொல்லாம இருக்கற வரைக்கும் நானும் கேக்காம இருக்கேன். அந்தக் கட்டையையாவது விட்டு வைங்க."

அவள் காலடியில், தரையில் உட்கார்ந்தேன். எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும் என்று ஊரில் பேர். பக்கத்து வீட்டுக்காரன் மதிலை நகர்த்தினால் என்னிடம் வருவார்கள். நிலப்பட்டாவில் பெயர் மாற்ற என்னிடம் வருவார்கள். அன்றைக்கு நான் எந்த மேசைக்குப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் காலை, நல்ல நேரம் பார்த்தது அவள்தான். நிலையில் நான் கை வைக்கவில்லை. கட்டில், பாத்திரம், சாமி படம் எல்லாம் முன்னாலேயே லோரியில் போய்விட்டிருந்தன. சாய்வுப் பாதையில் கொந்திராக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். திருப்பத்தில் வழுக்கவில்லை, தட்டவில்லை. வாசலில் நிறுத்தச் சொன்னாள். நிலைப்படிக்கு மஞ்சள் பூசி வைத்திருந்தேன், கோணல்மாணலாக.

"எந்திரிக்கறேன். பிடிங்க."

கொந்திராக்டர் என்னைப் பார்த்தார். "அக்கா, வேணாம்கா" என்றார்.

"நீ நாற்காலியப் பிடி தம்பி. ஓட வுட்டுடாத."

இடது கையால் நிலையின் பக்க மரத்தைப் பற்றி எழுந்தாள். இடுப்பில் கை கொடுத்தேன். இடது காலில் நின்றாள். வலது கால் கீழே ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வேர்வை பொட்டைக் கரைத்தது. நானும் அந்தக் காலையே பார்த்தேன். சிகிச்சைப் பெண் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்று, எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளாத நான், அந்தக் காலிடமே வேண்டிக்கொண்டேன். கால் அசையவில்லை.

குனிந்து என் கையால் அவள் பாதத்தைத் தூக்கினேன். கனமாக, குளிர்ந்து இருந்தது. நிலைப்படியில் படாமல் உயர்த்தி உள்ளே வைத்தேன். வலது கால் வீட்டுக்குள் முதலில் வந்துவிட்டது, முறைப்படி. ஆனால் இடது காலைத் தூக்க, வலது கால் அவளைத் தாங்க வேண்டும். அதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, நடுவில் அந்தக் கட்டையோடு நின்றாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நிலையைப் பிடித்திருந்த இடது கை நழுவியது. பிறகு மொத்தமாக என் மேல் சரிந்தாள்.

இரண்டு பேரும் கூடத்துத் தரையில் விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை. அவளை அறியாமல் சேலை நனைந்து, புதுத் தரையில் ஈரம் பரவியது. கொந்திராக்டர் பார்க்காத மாதிரி செம்பனைத் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மரியாதைக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

அவள் அழவில்லை. உள்ளே இருந்தபடி வாசலைப் பார்த்தாள். வெளியே காலி நாற்காலி நின்றது.

"தம்பி, நாளைக்கு வந்து அத அறுத்துடு" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன், வாரக்கணக்காக அதற்காகவே கெஞ்சியவன். கொஞ்ச நாள் இருக்கட்டும், வேறு வழி பார்க்கலாம் என்றேன்.

"என்ன வழி?" என்றாள்.

மறுநாள் காலையில் அவர் வந்தார். அவளை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். சத்தம் வந்தது. அந்த மரம் லேசில் அறுபடாது. இரண்டு முறை நிறுத்தி மெஷினின் அறுக்கும் தட்டை மாற்றினார். கருகிய வாசனை கதவிடுக்கில் உள்ளே வந்தது. அவள் வலது காலைத் தன் இடது கையால் எடுத்து, நாற்காலியின் கால் பலகை மேல் நேராக வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சிடுச்சா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"இன்னும் பாதி இருக்கு."

சரி என்று தலையாட்டினாள்.