மிஞ்சிப் போன சிவப்பு ஒயர்

இதை எழுத வேண்டாம் என்று என் மனைவி ஜானு மூன்று நாட்களாகச் சொல்கிறாள். குடும்ப விஷயத்தை வீதிக்குக் கொண்டுவராதவன் என்று பெயர் எடுத்தவன் நான். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இது நடந்தது. நான் குறிப்பிடும் நேரங்களும் சரியானவை. கூடத்துச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

1999 மே 16, ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூரில் எங்கள் வீடு. இரவு இல்லை. கத்திரி வெயில் கொளுத்திய பட்டப்பகல்.

எங்கள் பெண் மஹதிக்கு ஏப்ரலில் நிச்சயதார்த்தம் நடந்தது. சம்பந்தி தேசிகன் அடையாறில் இருக்கிறார், ஓய்வுபெற்ற இன்ஜினியர். மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த டி.வி.டி. பிளேயரையும், நிச்சயதார்த்தத்தை எடுத்த வீடியோ தகட்டையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அதற்குள் திரும்ப வேண்டும், மூன்று மணிக்கு வருகிறோம், எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று வியாழக்கிழமை போனில் சொன்னார். மாட்டத் தெரியுமா என்றும் கேட்டார். எல்லாம் மாட்டியாகிவிட்டது என்றேன்.

அது பொய். பெட்டியையே நான் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை கேபிள் டி.வி. கபாலி வந்தான். பெட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சாமி, புது மிஷின் வந்துகீது? மூணு ஒயர் வரும். உங்க டிவில ரெண்டு ஓட்டைதான் கீது. ஒண்ணு மிஞ்சும். நான் வந்து சொருவித் தரட்டா?"

வேண்டாம் என்றேன். கணக்கு வாத்தியாருக்கு ஒயர் மாட்டத் தெரியாது என்று கபாலி நாலு வீட்டில் சொல்வான். அது எனக்குத் தேவையில்லை.

மறுநாள் மதியம் 2.15க்கு உட்கார்ந்தேன். ஜானு சமையலறையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். மஹதி பூ வாங்கப் போயிருந்தாள். டி.வி.யைச் சுவரிலிருந்து நகர்த்தவே எனக்கு மூச்சு வாங்கியது. அறுபத்தொரு வயது. அந்தக் கல்யாண அலைச்சலில் உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை.

கபாலி சொன்னது சரிதான். பிளேயரிலிருந்து வருவது மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஒயர். டி.வி.யின் முதுகில் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டே துளை. மஞ்சளை மஞ்சளில் சொருகினேன். வெள்ளையை வெள்ளையில் சொருகினேன். சிவப்பு மேஜை ஓரத்தில் தொங்கியது.

2.31. படம் வந்தது. நாகஸ்வரம் கேட்டது. சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

சம்பந்தி மாமி திரையில் என்னிடம் ஏதோ கேட்கும் இடம் வந்தது. சத்தம் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. நான் பதில் சொல்லி முடித்ததும் நாகஸ்வரம் திரும்பியது.

மாமி என்ன கேட்டாள் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. பெண்ணை அழைத்து வந்து மணையில் உட்கார வைக்க அத்தை யாராவது உண்டா என்று கேட்டாள். எனக்குத் தங்கை கிடையாது, மஹதிக்கு அத்தையே கிடையாது என்றேன்.

தங்கை உண்டு. வேதவல்லி. 1967இல், இருபத்து மூன்று வயதில், அச்சகத்தில் வேலை பார்த்த முத்துகிருஷ்ணன் என்பவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். எங்கள் சாதி இல்லை. அன்று மாலையே அப்பா கிணற்றடியில் தலை முழுகினார், செத்தவர்களுக்கு முழுகுவதுபோல. பக்கத்தில் நின்று நானும் முழுகினேன். அதன்பிறகு இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. வருடம் ஒருமுறை கோட்டூர்புரத்திலிருந்து கடிதம் வரும். பிரிக்காமலேயே, 'வாங்க மறுக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபால்காரரிடம் கொடுத்துவிடுவேன். நாலு வருடமாக அதுவும் வருவதில்லை. ஒருவழியாக அலுத்துவிட்டாள் என்று நினைத்தேன். சொல்லப்போனால் எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. சம்பந்தி வீட்டுக்கு மட்டும் இது தெரியாமல் கல்யாணம் முடிந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். அதே இடத்தில் சத்தம் நின்றது. மூன்றாவது முறையும் அப்படித்தான்.

தேசிகன் இன்ஜினியர். வந்ததும் பின்பக்கம் எட்டிப் பார்ப்பார். ஒயரைத் தப்பாக மாட்டியிருக்கிறேன் என்று தோன்றியது.

மின்விசிறியை அணைத்துவிட்டுக் குனிந்தேன். காற்றே இல்லை. தொங்கிக்கொண்டிருந்த சிவப்பு ஒயர் மட்டும் மெதுவாகத் திரும்பியது. ஒரு சுற்று... நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு சுற்று.

கை பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

2.44. வெள்ளையை உருவிவிட்டு, அந்தத் துளையில் சிவப்பைச் சொருகினேன்.

நாகஸ்வரம் இல்லை. கூட்டத்தின் சத்தமும் இல்லை. வேறு ஏதோ ஓர் அறையின் சத்தம் கேட்டது. பழைய மின்விசிறி ஒன்று டக்... டக்... என்று சுற்றியது. எங்கள் விசிறியை நான்தான் அணைத்திருந்தேன்.

திரையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிளேயரின் முகப்பில் ஓடும் எண்கள் 41.20இல் நின்றிருந்தன. படம் ஓடிக்கொண்டிருந்தது.

மூச்சுச் சத்தம். இழுத்து இழுத்து விடும் மூச்சு.

"யாரது?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வேதா."

என் கை ஒயரிலேயே இருந்தது.

"கோபு அண்ணா... கேக்கறதா?"

என்னைக் கோபு என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். முப்பத்திரண்டு வருடமாக அந்தப் பெயர் என் காதில் விழவில்லை.

"நாயனம் கேக்கறதே. குழந்தைக்குக் கல்யாணமா அண்ணா?"

வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

டக்... டக்...

"அத்தை இல்லேன்னு சொன்னியே."

மூச்சு.

"இருக்கேனே..."

வாசலில் கார் நிற்கும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். தேசிகனின் குரல். எட்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணா. ஒரே ஒரு தரம்..."

செருப்புச் சத்தம் படியேறியது.

சிவப்பை இழுத்துப் பிடுங்கினேன்.

2.52.

தேசிகன் உள்ளே வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. வெயில் என்றேன். நான் பயந்தபடியே நேராக டி.வி.யின் பின்பக்கம் போய்க் குனிந்தார். கையில் அகப்பட்டது சிவப்புதான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சொருகிவிட்டார்.

நாகஸ்வரம் கேட்டது. சம்பந்தி மாமியின் கேள்வியும் கேட்டது. தங்கை கிடையாது என்று நான் சொல்வதும் தெளிவாகக் கேட்டது.

"சிவப்பு வலது பக்கத்துக்கு, வெள்ளை இடதுக்கு. கேமராவுல ஒரே மைக். அதனால ரெண்டுலயும் ஒரே சத்தம்தான் இருக்கும். எதை மாட்டினாலும் ஒண்ணுதான் ஸ்வாமி" என்றார் தேசிகன்.

கேசரி சாப்பிட்டார்கள். நாலு மணிக்குக் கிளம்பினார்கள். மானம் தப்பியது.

வியாழக்கிழமை ஒரு தபால் அட்டை வந்தது. ஓரத்தில் கறுப்பு மை தடவியிருந்தது. அட்டையைப் பிரிக்காமல் திருப்பி அனுப்ப முடியாது. கையில் வாங்கும்போதே கண் படித்துவிடுகிறது. வேதவல்லி முத்துகிருஷ்ணன், 16.5.99 அன்று காலமானார்.

ஜானு ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வைத்தாள். நான் குளிக்கவில்லை. ஒருமுறை முழுகியாகிவிட்டது. இன்னொரு முறை எப்படி முழுகுவது என்று தெரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கோட்டூர்புரம் போனேன்.

வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. படியேற நேரம் பிடித்தது. வேதாவின் பெண் சிந்து கதவைத் திறந்தாள். முப்பது வயது இருக்கும். ராஜகோபாலன் என்றேன். ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள்.

கட்டிலுக்கு மேலே பழைய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டக்... டக்...

தண்ணீர் கொடுத்துவிட்டு அவளே பேசினாள்.

"நாலு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்துச்சுங்க. வலது பக்கம் முழுசா போயிடுச்சு. கூடவே பேச்சும் போயிடுச்சு. தண்ணி வேணும்னாகூட இடது கையால தட்டித்தான் கேப்பாங்க. நாலு வருஷமா ஒரு வார்த்தை பேசலை."

விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் திடீர்னு பேசினாங்க. மணி ரெண்டே முக்கால் இருக்கும். முதல்ல 'வேதா'ன்னாங்க. யாரோ பேரு கேட்ட மாதிரி. அப்புறம் கொஞ்சம் விட்டு, கொஞ்சம் விட்டு... எதிர்ல ஆள் பேசறதுக்கு நேரம் குடுத்துப் பேசுவாங்களே, போன்ல, அந்த மாதிரி. எங்க வீட்டுல போன் கிடையாதுங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"'ஒரே ஒரு தரம்'னாங்க. அதுக்கு மேல வரலை. வாய் திறந்தபடியே இருந்துச்சு. உயிர் போயிடுச்சு. ரெண்டு அம்பத்திரண்டு."

டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள்.

"கோபு அண்ணான்னு கூப்பிட்டாங்க. அது நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

"அப்போ நீங்க ஏன் பாதியிலயே வெச்சிட்டீங்க?"