படத்தில் இல்லாத சுவர்

தளவாய்புரத்திலிருந்து மில் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய்வந்த இருபத்திரண்டு வருஷத்தில், பரிபூரணம் வாய் திறந்து ஒன்று கேட்டது இரண்டு முறை இருந்தால் அதிகம். நின்றதெல்லாம் ஒரே இடம், நூற்பு ஹாலில் கிழக்குப் பக்கத்துக் கடைசி மிஷின். அங்கே பறக்கும் பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இருபத்திரண்டாவது வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போனவளால் பாதிப் படிக்கு மேல் ஏற முடியவில்லை. இருமல் நிற்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜரும் சொல்லிவிட்டார். புருஷன் இல்லாத வீடு. அந்த வேலையில்தான் அடுப்பு எரிந்தது.

தூசியை இழுக்கப் புது ஃபேன் வருகிறது என்றதும் அவளுக்கு உயிர் வந்தது. எங்கே மாட்டுவது என்று கம்ப்யூட்டரில் காற்றை ஓட்டிப் பார்த்துச் சொல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லக்ஷ்மண் என்ற இன்ஜினியர் வந்தார். மேற்குப் பக்க மிஷின்களை மட்டும் நிறுத்திக் கொடுத்தார்கள். அந்தப் பாதியை அளந்தார்.

"அந்தப் பக்கமும் இப்படித்தானா?"

"ரெண்டும் ஒரே அச்சு சார்," என்றார் சூப்பர்வைசர் தங்கப்பாண்டியன்.

"அப்ப பாதி போதும். முழு ஹாலையும் போட்டா கணக்கு ஒரு வாரம் ஓடும், செலவு ஜாஸ்தி. நடுவுல ஒரு எல்லை வச்சு, இதைத் தாண்டிக் காத்து போகாது, அந்தப் பக்கமும் இதே மாதிரிதான்னு சொல்லிட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்."

"பாதி மூஞ்சியச் செரைச்சிட்டு மீதிக்குக் கண்ணாடியப் பாத்துக்கிடச் சொல்லுதீய!"

தங்கப்பாண்டியன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நூல் சுற்றும் பாபின் கூடையோடு நின்ற பரிபூரணம் சிரிக்கவில்லை. மேற்கில் உள்ளதுபோலக் கிழக்கே இருந்த நான்கு ஜன்னலையும் அடைத்துச் சுவர் எழுப்பி, கழிவுப் பஞ்சுக்கு அறை கட்டி ஏழு வருஷமாயிற்று. சொல்ல வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. முந்தானையால் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அது அடங்குவதற்குள் அவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இன்ஜினியரை எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தபடியே நின்றுவிட்டாள்.

தை மாதம் ஃபேன் ஓடியது. மேற்கில் தூசி போயே போய்விட்டது. கிழக்கில் அது சுவரில் மோதித் திரும்பி அவள் மிஷின் மேலேயே சுற்றியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கப்பாண்டியனிடம் போனாள்.

"அண்ணாச்சி, என்னைய மேற்க மாத்தி விடுங்களேன். கெழக்க மூச்சு விட முடியல. அந்தச் சுவரு..."

அவர் இன்ஜினியர் கொடுத்த ரிப்போர்ட்டை எடுத்து, அதிலிருந்த படத்தை விரித்தார்.

"பாரு தாயி, ரெண்டு பக்கமும் ஒரே நீலம். தூசி கெடையாதுன்னு படிச்ச மனுசன் எழுதிக் குடுத்திருக்காரு. மேனேஜரும் கையெழுத்துப் போட்டுட்டாவ. பொறவும் ஒனக்கு மட்டும் இருமுதுன்னா கோளாறு ஒன் ஒடம்புலன்னுதான் சொல்லுவாவ. பேசாமப் போ."

அவள் படத்தைப் பார்த்தாள். இடது பாதியைத் திருப்பிப் போட்டதுதான் வலது பாதி. அவள் நிற்கும் இடத்தில் நான்கு ஜன்னலும் திறந்திருந்தன. அவற்றின் வழியே நீலக் கோடுகளாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"சரி அண்ணாச்சி," என்றாள்.

துண்டை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மிஷினுக்குப் போனாள். இருமல் வரும்போதெல்லாம் பாபின் எடுப்பதுபோலக் குனிந்துகொண்டாள். சித்திரை வரை அப்படி ஓட்டினாள். மாதக் கடைசியில் மேனேஜர் வந்து பக்கத்தில் நின்றபோது இருமல் அடங்கவில்லை.

வைகாசியிலிருந்து மில் பஸ் அவள் தெருமுனையில் நிற்பதில்லை.